பட்டைக்குக் கீழே ஒரு பிள்ளை

"தங்கச்சி, உங்கட பட்டை திரும்பவும் பிள்ளையை மறைச்சுப்போட்டுது," என்றார் கதிர்காமநாதன்.

தாரிகா தொலைபேசியைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள். கதிர்காமநாதன் வெள்ளவத்தையில் கல்யாணத் தரகு நிலையம் நடத்துபவர். அவள் வேலை செய்வது கொட்டாஞ்சேனையில். இடையில் உள்ள தூரத்தைக் குரலாலேயே கடந்துவிடலாம், தொலைபேசி ஒரு துணைக்குத்தான் என்பது போல அவர் கதைப்பார்.

"எந்தப் பிள்ளையை, அங்கிள்?"

"அதைச் சொல்லேலாது. எங்கட தொழில் அப்பிடி."

அவருடைய நிலையத்துக்கு மென்பொருள் எழுதியவள் தாரிகாதான். கணினியில் அதைத் திறந்தால் ஒரு பட்டியல் வரும். வரிக்கு ஓர் ஆள். இலக்கம், வயது, படிப்பு, தொழில், ஊர். பெயர் கிடையாது, வரியை அழுத்தினால் படம் மட்டும் திறக்கும். பெயர்கள் கதிர்காமநாதனின் தலைக்குள்ளும் அவருடைய உதவியாளர் ஷெரோமியின் தலைக்குள்ளும் மட்டுமே இருந்தன. தேடலை அழுத்தினால் பட்டியலின் மேல் ஒரு பட்டை வந்து மிதக்கும். அதில் 'கணக்காளர்' என்று எழுதினால் கணக்காளர்கள் இருக்கும் வரிகள் மஞ்சளாகும்.

பட்டை வந்து உட்காரும் இடம்தான் பிரச்சினை. அது சரியாக முதல் வரிக்கு மேல் உட்கார்ந்தது. தேடிய ஆள் முதல் வரியில் இருந்தால் 'ஒருவர் கிடைத்தார்' என்று மென்பொருள் அறிவிக்கும். ஆளைக் காட்டாது.

"ஆள் இருக்கெண்டு சொல்லிப்போட்டு ஆளைக் காட்டாமல் விடுறது தரகர்மாரின்ர வேலை, தங்கச்சி. அதை மிசின் செய்யக்கூடாது."

முதல் வரி சாதாரண வரியாக இருந்திருந்தால் இவ்வளவு சத்தம் வந்திருக்காது. கதிர்காமநாதன் அண்மையில்தான் 'முதல் வரிப் பதிவு' என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார். மேலதிகக் கட்டணம் கட்டினால் ஒரு மாதத்துக்குப் பிள்ளை பட்டியலின் உச்சியில் நிற்கும். ஒரு கஸ்டமர் அதை எடுத்திருந்தார். எடுத்த கஸ்டமர் தினமும் நிலையத்துக்கு வந்து, வாடிக்கையாளருக்கென்று வைத்திருக்கும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஷெரோமியைத் தேடச் சொல்லித் தன் பிள்ளையைப் பார்க்கக் காத்திருந்தார். தினமும் பட்டையைப் பார்த்துவிட்டுப் போனார்.

"ஆள் விடுற மாதிரி இல்லை. பட்டையை எழுதினவரை வேலையால நிப்பாட்டினால்தான் மனம் ஆறுமாம்," என்றார் கதிர்காமநாதன்.

தாரிகா அந்தக் கஸ்டமரைக் கண்டதில்லை. ஆனால் மனக்கண்ணில் ஆள் தெளிவாகத் தெரிந்தார். வெள்ளைச் சேர்ட், கக்கத்தில் குடை, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். மகன் இரத்மலானையில் இஞ்சினியர், முன்தலை வழுக்கை. மறைத்தது ஒருவிதத்தில் நல்லது என்றுகூட நினைத்தாள். மனதுக்குள் அவருக்குக் குடைக்காரர் என்று பெயர் வைத்தாள்.

அவளுடைய முதலாளி மெல்ரோய்க்கு இப்படி யாரையும் கற்பனை செய்யும் பழக்கம் இல்லை. நாலு பேர் வேலை செய்யும் நிறுவனம். அதில் ஒருவர் மெல்ரோய், இன்னொருவர் மெல்ரோயின் தம்பி. புதிய பதிப்பு எதையும் செவ்வாய்க்கிழமைதான் வெளியிடுவார். காலையில் கொச்சிக்கடைக்குப் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்து பொத்தானை அழுத்துவார். நிறுவனத்தில் பரிசோதனைப் பிரிவு என்று தனியாக ஒன்று இல்லை.

"அந்தப் பட்ட மேட்டர முடிச்சா நீங்க பேர்மனன்ட். முடிக்காட்டி..." என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

கூரையில் பல்லி இருந்தது.

வேலை நிரந்தரமாவது மற்றவர்களுக்கு எப்படியோ, தாரிகாவுக்கு அது தற்காப்பு. வீட்டில் அம்மாவோடு ஓர் ஒப்பந்தம் இருந்தது. வேலை நிரந்தரமானால் இரண்டு வருடத்துக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. நிரந்தரமாகாவிட்டால், அம்மா கொண்டுவரும் முதலாவது சம்பந்தத்துக்கு அவள் சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார வேண்டும். அம்மா உடனே சம்மதித்தார். பேரம் பேசாமல் அம்மா எதற்கும் சம்மதித்ததில்லை என்பதைத் தாரிகா அப்போது யோசிக்கவில்லை.

தான் எழுதுவது தரகு நிலையத்துக்கான மென்பொருள் என்பதை மட்டும் அவள் வீட்டில் சொல்லவில்லை. தரகு என்ற சொல்லை அம்மாவின் முன்னால் உச்சரிப்பது பசித்தவருக்குச் சாப்பாட்டு மணி அடிப்பது போல. தெமட்டகொடையில் ஒரு வாகன உதிரிப்பாகக் கடைக்கு வேலை செய்வதாகச் சொல்லியிருந்தாள். நிலையம் அவளுடைய வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தும் ஒரு நாளும் அந்தப் படியில் கால் வைக்கவில்லை. கல்யாணமாகாத ஒருத்தி உள்ளே போனால் ஓர் இலக்கத்தோடுதான் வெளியே வருவாள் என்று பயம். புதிய பதிப்புகளை இணையத்தில் அனுப்புவாள். ஷெரோமி அங்கே ஏற்றுவாள். இருவரும் ஒருவரை ஒருவர் குரலால் மட்டுமே அறிந்திருந்தார்கள். நிலையத்தில் அவள் வெறும் 'தங்கச்சி', 'மிஸ்'தான், பெயரை அங்கே யாரும் கேட்டதில்லை.

உண்மையான பட்டியலையும் கதிர்காமநாதன் வெளியே விடமாட்டார். ஆகவே தாரிகா பரிசோதிப்பதற்கென்று தானே ஆட்களை உருவாக்கினாள். இலக்கத்துக்குப் பதிலாக, கீழே உள்ள பேக்கரியின் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துப் பெயர் வைத்தாள். றோல்ஸ், வயது 29, கணக்காளர், வெள்ளவத்தை. பற்றிஸ், வயது 31, வங்கி, ஹெவ்லொக் டவுன். கட்லட் விவாகரத்தானவர்.

முதல் திருத்தம் சுலபமாக இருந்தது. பட்டையை மேலிருந்து எடுத்துப் பட்டியலின் அடியில் வைத்தாள். றோல்ஸ் முழுதாகத் தெரிந்தார். செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி ஏற்றப்பட்டது.

புதன்கிழமை கதிர்காமநாதன் அழைத்தார். பட்டியலில் புதியவர்கள் மேலே, பழையவர்கள் கீழே. கடைசி வரியில் இருப்பவர் நிலையம் தொடங்கிய காலத்திலிருந்தே அங்கே இருக்கிறார். பட்டை இப்போது அவரை மறைக்கிறது. அவருடைய தமையன் வந்து மேசையில் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அவரை ஏற்கெனவே மனிசர் ஒருத்தரும் பாக்கிறேல்லை, தங்கச்சி. இப்ப கொம்பியூட்டரும் பாக்க விடுதில்லை எண்டால் அந்தாள் எங்கை போறது?"

கடைசி வரிக்குக் கீழே வெறுமையாய் இடம் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அவருடைய திரையின் உயரத்துக்குப் பட்டியல் சரியாகப் பொருந்தியிருந்தது. போதாததற்கு, ஷெரோமிக்குப் பட்டை மேலேதான் பழக்கம். கீழே கண் போகவில்லை. தேடலை அழுத்திவிட்டுப் பட்டை வரவில்லை என்று திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறாள்.

தாரிகா பட்டையைத் திரும்ப மேலே கொண்டுபோனாள். இம்முறை கண்ணாடி போல ஆக்கினாள். பட்டை இருக்கும், அதற்குக் கீழே உள்ள வரியும் தெரியும். யாருக்கும் யாரும் இடைஞ்சல் இல்லை. மெல்ரோய் திரையைப் பார்த்து, ஸ்டைலாக இருக்கிறது என்றார்.

வேலை செய்தது. அளவுக்கு மீறி வேலை செய்தது. லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம் 'டொக்டர்' என்று தேடியது. பட்டையில் எழுதிய டொக்டர், பட்டை ஊடாகத் தெரிந்த முதல் வரியின் தொழிலுக்குச் சரியாக மேல் போய் விழுந்தது. முதல் வரிப் பிள்ளை அந்த நிமிடமே டொக்டர் ஆனது. லண்டன் குடும்பம் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நாள் பார்ப்பதுவரை போய்விட்டது.

"முதல் வரிக் கஸ்டமர் என்ன சொன்னார்?" என்று தாரிகா பயத்தோடு கேட்டாள்.

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. பக்கத்திலதான் இருந்தது ஆள். அண்டைக்கு மட்டும் ஒரு முறைப்பாடும் செய்யேல்லை."

மறுநாள் லண்டன்காரரின் மனைவி திரும்ப வந்து, ஊர் என்னவென்று பார்ப்பதற்காகத் தேடிய சொல்லை அழித்தார். சொல்லோடு டொக்டரும் போய்விட்டார். கதிர்காமநாதன் மோசடிக்காரர் என்று இரண்டு மொழிகளில் ஏச்சு வாங்கினார்.

லண்டன் குடும்பம் நாள் பார்த்த அன்று மாலை தாரிகா வீட்டுக்குப் போனபோது அம்மா ஏனோ கேசரி செய்து வைத்திருந்தார். மறுநாள் பருப்பும் சோறும்தான். தலையிடி என்றார். அந்த மாதம் அம்மா தினமும் காலையில் கோயிலுக்குப் போய்வந்தார். மகளின் வேலைக்காக ஒரு நேர்த்தி என்று சொல்லியிருந்தார். வெயிலில் நடப்பதால் தலையிடி வருகிறது என்று தாரிகா நினைத்தாள். கொஞ்சம் குற்ற உணர்வாகவும் இருந்தது. அதனால் வழமையாகச் சொல்லாததை எல்லாம் சொன்னாள். உதிரிப்பாகக் கடையில் ஒரு கஸ்டமர் இருக்கிறார், தினமும் வந்து கத்துகிறார், அவரால் வேலை போகப்போகிறது என்றாள். குடையையும் விவரித்தாள்.

அம்மா அப்பளத்தைத் திருப்பிப் போட்டார். "அந்த மனிசனையும் பிழை சொல்லேலாது, பிள்ளை. காசைக் குடுத்துப்போட்டு நிக்கிறவனுக்குத்தான் அந்தரம் தெரியும்."

"அவருக்காக என்னை நிப்பாட்டச் சொல்லலாமோ?"

"உன்னை ஆர் சொன்னது? அந்தாள் உன்னைக் கண்டதோ?"

தாரிகா தட்டை நீட்டினாள். அப்பளத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாவது திருத்தம்தான் அவள் பெருமைப்பட்டது. பட்டை ஓர் இடத்தில் நிற்பதால்தானே மறைக்கிறது? நிற்காமல் விட்டால் என்ன? பட்டைக்குக் கீழே மஞ்சள் வரி வந்தால் பட்டையே விலகி வேறு இடத்துக்குப் போகும்படி எழுதினாள். அங்கும் மஞ்சள் வரி இருந்தால் அடுத்த இடம். றோல்ஸுக்கும் பற்றிஸுக்கும் வழிவிட்டு, கட்லட்டின் பக்கத்தில் போய் அடக்கமாக நின்றது. ஒரு படித்த பட்டை.

ஷெரோமி தொலைபேசியில் இரகசியமாகக் கதைத்தாள்.

"மிஸ், சேர் மவுஸ புடிச்சிட்டு அதுக்குப் பின்னால ஓடுறாரு. கரப்பான அடிக்கிற மாதிரி."

"எத்தினை பேர் மஞ்சளா வந்தது?"

"வெள்ளவத்தன்னு தேடினாரு மிஸ். எல்லாருமே வெள்ளவத்ததான்."

பட்டைக்குப் போக இடமில்லை. மேலே போனது, கீழே போனது, நடுவில் நின்று யோசித்தது, மறுபடியும் மேலே போனது. அதை மூடுவதற்கான பெருக்கல் அடையாளம் பட்டையிலேயே இருந்ததால், பட்டையைப் பிடிக்காமல் மூடவும் முடியவில்லை. கடைசியில் ஏதோ ஒரு வரிக்குப் பக்கத்தில் களைத்து நின்றது.

இதை ஹெவ்லொக் டவுனிலிருந்து வந்த ஒரு தகப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்கு மாப்பிள்ளை தேடித் தேடி ஒரு முடிவுக்கும் வரமுடியாமல், கோயிலில் பூக்கட்டிப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மனிதர். வெள்ளைப் பூவா, சிவப்புப் பூவா என்று சாமியிடம் கேட்பதற்கும் இதற்கும் அவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இன்னொருமுறை தேடச் சொன்னார். பட்டை ஓடி ஓடி அதே வரிக்குப் பக்கத்தில் நின்றது. அவர் எழுந்து, கோயிலுக்குள் போவது போலச் செருப்பைக் கழற்றினார்.

அடுத்த நாள் நிலையத்தில் இருக்க இடமில்லை. ஓடுகிற பட்டை எது என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கற்பூரம் கொண்டுவந்தார். ஷெரோமி கத்தோலிக்கப் பெண், இருந்தும் வேறு யாரும் தொடாதபடி பார்த்து, சாமிப் படம் போல விசைப்பலகையை அவளே துடைத்து வைக்க வேண்டியிருந்தது. கதிர்காமநாதன் தாரிகாவை அழைத்து, தங்கச்சி கெட்டிக்காரி என்றார்.

அந்தப் பாராட்டு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. ஒரே பல்வைத்தியரை மாப்பிள்ளையாக்கச் சொல்லி இரண்டு குடும்பங்களுக்குச் சாமி உத்தரவு கிடைத்தது. இரண்டு குடும்பமும் படிக்கட்டில் சந்தித்தன. சாமி முதலில் யாருக்குக் காட்டியது என்பதில் தொடங்கி யாருடைய தாத்தா எந்த வழக்கில் தோற்றார் என்பதுவரை போனது. பல்வைத்தியருக்கு விஷயமே தெரியாது. தெரிந்ததும் பட்டியலிலிருந்து தன் இலக்கத்தை நீக்கச் சொன்னார்.

"முதல் வரிக் கஸ்டமர் இப்பவாவது சந்தோசமோ?" என்று கேட்டாள் தாரிகா.

"என்ன சந்தோசம்? ஓடுற ஓட்டத்தில உங்கட பட்டை அடிக்கடி வந்து படுக்கிற இடம் முதல் வரிதானே. பிள்ளையை விட்டால் படுக்க அதுக்கு வேற பாய் இல்லை. மாதம் முடியப்போகுது. எழுதின ஆளை நிப்பாட்டினதை எழுத்தில தரட்டாம்."

மெல்ரோய் அன்று கத்தவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. வரும் செவ்வாய்தான் கடைசி என்று அமைதியாகச் சொன்னார். "அந்தோனியாருக்கே அலுத்துப்போயிருக்கும், தாரிகா."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவள் நின்றுகொண்டு போனாள். கொள்ளுப்பிட்டியில் ஒருவர் பெரிய அட்டைப் பெட்டியோடு ஏறினார். மிதிபலகையில் நின்றவர்களின் முகங்கள் பெட்டிக்குப் பின்னால் மறைந்தன. கண்டக்டர் பெட்டியை அங்கே இங்கே நகர்த்தவில்லை. பெட்டியைக் கண்ணாடியாக்கவும் இல்லை. "இஸ்ஸரஹட்ட யன்ன," என்று சிங்களத்தில் முன்னுக்குப் போகச் சொல்லிக் கத்தி, பஸ்ஸில் இருந்த முழு வரிசையையும் ஓரடி உள்ளே தள்ளினார். பெட்டிக்குத் தனியாக இடம் வந்தது. முகங்கள் திரும்பத் தெரிந்தன.

தாரிகாவின் காலை யாரோ மிதித்தார்கள். அவளுக்கு வலிக்கவில்லை.

பட்டையைத் துரத்தியதுதான் பிழை. நகர வேண்டியது பட்டியல். தேடல் தொடங்கும்போது முழுப் பட்டியலும் பட்டையின் உயரத்துக்குக் கீழே இறங்க வேண்டும். கிடைத்த ஆள் மேலே ஒட்டிக்கொண்டு நின்றால், பட்டைக்குக் கீழே வரும்வரை பட்டியல் உருள வேண்டும். கடைசி வரிக்குக் கீழே கொஞ்சம் வெறுமை விட வேண்டும். அவ்வளவுதான். எழுதி முடித்தபோது இவ்வளவு சின்னதாக இருப்பது அவளுக்கு அவமானமாக இருந்தது. றோல்ஸ் தெரிந்தார். கட்லட் தெரிந்தார். பட்டை யாரையும் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை மெல்ரோய் இரண்டு மெழுகுதிரி ஏற்றினார். ஆனால் இணையத்தில் அனுப்புவதற்குக் கதிர்காமநாதன் சம்மதிக்கவில்லை. எழுதின ஆள் நேரில் வந்து, தன் கண் முன்னால் ஏற்றி, தன் கண் முன்னால் தேடிக் காட்ட வேண்டும்.

தாரிகா யோசித்துப் பார்த்தாள். பிறகு ஃபென்ஸி கடையில் ஒரு மோதிரம் வாங்கி விரலில் போட்டுக்கொண்டு போனாள்.

கதிர்காமநாதன் முதலில் பார்த்தது விரலைத்தான். மோதிரத்தைத் தாண்டி முகத்துக்குப் பார்வை போகவில்லை.

"கல்யாணம் ஒழுங்காயிட்டுதோ?"

"ஓம், அங்கிள்."

"மாப்பிள்ளை எங்கை?"

"வெளியில," என்றாள். அது பொய் இல்லை என்று பிறகு சமாதானம் செய்துகொண்டாள். எங்கோ வெளியில்தானே இருப்பான்.

அவர் மனம் உடைந்து கதிரையில் சாய்ந்தார். ஷெரோமி தேநீர் கொண்டுவந்து வைத்து, குரலை வைத்து மிஸ் குண்டாக இருப்பா என்று நினைத்ததாகச் சொன்னாள். தாரிகா குனிந்துகொண்டே புதிய பதிப்பை ஏற்றினாள்.

கதிர்காமநாதன் தானே விசைப்பலகையை இழுத்து, ஒரு விரலால் 'வெள்ளவத்தை' என்று எழுதினார். பட்டை வந்தது. பட்டியல் முழுவதும் மெல்லக் கீழே இறங்கி நின்றது. எல்லா வரிகளும் மஞ்சள். உச்சியில் முதல் வரி, தலை முதல் கால்வரை.

"ஆ, பிள்ளை வெளியில வந்திட்டுது," என்றார். அவருடைய குரல் முதன்முறையாக ஒரு மனிதருடைய குரல் போல இருந்தது.

தாரிகா வரியை வாசிக்கவில்லை. மற்றவர்களின் விவரங்களைப் பார்க்கக் கூடாது என்பது ஒன்று. மற்றது, அவளுடைய கண் முழுவதும் பட்டைக்கும் வரிக்கும் இடையில் இருந்த மெல்லிய வெள்ளை இடைவெளியில் இருந்தது. அது எவ்வளவு நேராக இருந்தது.

கதிர்காமநாதன் உள்ளறைக்குப் போய் மெல்ரோயை அழைத்தார். சுவர் இருந்தும் எல்லாம் கேட்டது. நல்ல பிள்ளை, நல்ல வேலை, வைச்சிருங்கோ. சற்று நேரத்தில் தாரிகாவின் தொலைபேசி அதிர்ந்தது. மெல்ரோய் ஒரே ஒரு சொல் அனுப்பியிருந்தார். பேர்மனன்ட். பக்கத்தில் ஒரு மெழுகுதிரிப் படம்.

இரண்டு வருடம். அவளுக்குத் தேநீர் இனித்தது. சேலை இல்லை, தட்டு இல்லை, யார் முன்னாலும் உட்காரத் தேவையில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வசனத்தைத் தயார் செய்தாள்.

"மிஸ், போட்டோவும் மறையாம வருதான்னு ஒருக்கா பார்ப்பமா?" என்று கேட்டுக்கொண்டே ஷெரோமி முதல் வரியை அழுத்தினாள்.

படம் திறந்தது. முழுத் திரைக்கும் வந்தது. எங்கும் எதுவும் மறைக்கவில்லை.

ஷெரோமி படத்தைப் பார்த்தாள். தாரிகாவைப் பார்த்தாள். மோதிரத்தைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"அனே மிஸ், அப்ப இந்தப் பட்டைய எழுதினவங்கள வேலையில இருந்து தூக்கச் சொல்லி டெய்லி இங்க வந்து சண்ட புடிக்கிறது ஒங்கட அம்மாவா?"